போல்காட்டியில் ஒரு தரம், ரெண்டு தரம்!

சுத்தியல் கீழே இறங்குவதற்கு முன்னால் ஒரு நொடி வருமே, அந்த நொடியை நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இப்படி வந்து உட்காருங்க, சொல்றேன். கூடம் நிறைய ஆட்கள், அடுத்தவர் மூச்சு விடுவது கேட்கிற அமைதி, மேடையில் ஏலம் விடுகிறவர் சுத்தியலை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் கண்ணை ஓட்டுகிறார், முன்வரிசையில் ஓர் அம்மா எண் எழுதிய அட்டையை மோவாய்க்குக் கீழே முட்டுக்கொடுத்து யோசிக்கிறார், தூக்குவாரா மாட்டாரா, தூக்குவாரா மாட்டாரா, எனக்கு உள்ளங்கை ரெண்டும் நனைந்துவிட்டது, தூக்கிவிட்டார்! ஓர் அட்டை அரையடி மேலே போன அந்தக் கணத்தில் எங்கேயோ ஆலுவாப் பக்கம் ஒரு வீட்டுக்கு ஓடு வந்து இறங்கியது போலவே எனக்குப் பட்டது. வாய்விட்டுக் கத்தாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

2019 ஜனவரி 18, வெள்ளிக்கிழமை. கொச்சி போல்காட்டித் தீவு, கிராண்ட் ஹயாத் ஓட்டல். 'ஆர்ட் ரைசஸ் ஃபார் கேரளா' என்று பெயர் வைத்து, கொச்சி பினாலே அறக்கட்டளை நடத்திய ஏலம் அது. சுத்தியலைப் பிடித்தது மும்பை சாஃப்ரன்ஆர்ட் நிறுவனம். வந்த பணம் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காகக் கேரள முதலமைச்சரின் இடர் நிவாரண நிதிக்கு. ஏலத்துக்கு வந்த படைப்புகள் நாற்பது போல இருக்கும். இந்த வரியைக் கொஞ்சம் மெதுவாகப் படிங்க: படைத்தவர்கள் கொடையாகத் தந்தவை அவை.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு சின்னப் பிரிண்டிங் பட்டறை என்னுடையது. கட்டிங் முடிந்து வருகிற பனியன் துணிக்கு மேஜையில் ஸ்க்ரீன் வைத்துச் சாயம் இழுத்து, காயவைத்து, திரும்ப அனுப்புகிற வேலை. காலையில் கண்ணைத் திறந்தால் நிறம், இரவில் மூடினால் நிறம். பாண்டோன் எண்ணைச் சொன்னால் கையே கலவையைப் போட்டுவிடும். பொங்கலுக்குப் பையன்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட, ஊரே அடைத்துக்கிடந்த அந்த வாரத்தில்தான் எனக்கு வேலை கொடுக்கிற எக்ஸ்போர்ட்டர் அண்ணன் போனில் கூப்பிட்டார். "தம்பி, கொச்சியில ஓர் ஏலத்துக்குக் கூப்பிட்டிருக்காங்க, கூட ஒருத்தர் வரலாமாம், நீதான் படம் படம்னு உசுர விடுவியே, வர்றியா?" என்றார். வர்றியாவா! அண்ணன் மறுநாள் காரில் வருவதாகச் சொன்னார், எனக்கு அதுவரை பொறுக்கவில்லை, விடிவதற்கு முன்பே ஸ்டேஷனுக்குப் போய் ஆலப்புழா எக்ஸ்பிரஸைப் பிடித்துவிட்டேன்.

வாளையாறு தாண்டியதும் ஜன்னலில் பச்சை வந்தது. அந்தப் பச்சையைப் பார்த்ததுமே ஆகஸ்ட் மாதம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. 2018 ஆகஸ்ட், கேரளத்துப் பெருவெள்ளம். ஓணத்துக்கு என்று எங்கள் வட்டாரத்தில் அடித்து வைத்த சரக்கெல்லாம் கட்டிய மூட்டையோடு கிடந்தது, வாங்க வேண்டிய கடைக்குள் தண்ணீர் நின்றால் யார் வாங்குவார்கள்? நானூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, பத்து லட்சத்துக்கும் மேலானவர்கள் முகாமில் கிடந்தார்கள், கொச்சி விமான நிலையமே ஓடுபாதையில் தண்ணீர் ஏறி ஆகஸ்ட் 29 வரைக்கும் மூடிக்கிடந்தது. எங்கள் தெருவில் ஓணத்துக்கு என்று கட்டிய மூட்டைகளைப் பிரித்து, நைட்டி, டீசர்ட், குழந்தை ஜட்டி என்று வகை பிரித்து, திரும்பக் கட்டி, பாலக்காடு போகிற லாரியில் ஏற்றினோம். விற்கப் போனது போலவே போயிற்று, பில் மட்டும் இல்லை. அதனால்தானோ என்னவோ, ஓவியர்கள் தங்கள் படத்தைக் கொடுக்கிறார்கள் என்று அண்ணன் சொன்னபோது எனக்கு அது தூரத்து விஷயமாகத் தோன்றவே இல்லை.

ஏலம் சாயங்காலம். பகல் முழுக்க என் கையில் இருந்தது. எறணாகுளம் படகுத்துறையில் படகேறி ஃபோர்ட் கொச்சிக்குப் போனேன், ஏனென்றால் அந்த வருடப் பினாலே கலைக் கண்காட்சி அங்கே நடந்துகொண்டிருந்தது, அனிதா துபே கருத்தமைத்து டிசம்பர் 12-ல் திறந்தது. ஆஸ்பின்வால் ஹவுஸ் என்று ஒரு பழைய வணிகக் கட்டடம், கடலைப் பார்த்து நிற்கும், உள்ளே நுழைந்தால் உப்புக்காற்றும் பழைய சுண்ணாம்பு வாடையும். அங்கே ஓர் அறைக்குள் நுழைந்து நான் அப்படியே நின்றுவிட்டேன். நினைச்சுப் பாருங்க, உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ், உங்கள் வீட்டு டிவி, உங்கள் பிள்ளையின் பாடப்புத்தகம், நாற்காலி, எல்லாம் தரையில் இல்லை, அந்தரத்தில்! கூரையில் இருந்து தொங்குகின்றன! வெள்ளத்தில் நாசமான வீட்டுச் சாமான்களைச் சேகரித்து மர்ஸியா ஃபர்ஹானா என்ற ஓவியர் அப்படித் தொங்கவிட்டிருந்தார். தண்ணீருக்குள் மிதந்தபோது அவை எப்படி இருந்திருக்குமோ அப்படியே. நான் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அப்படியென்றால் நான் நிற்பது தண்ணீருக்கு அடியில்! அது உறைத்ததும் முதுகெலும்பில் ஜில்லென்று ஒன்று ஓடியது பாருங்க. அந்தப் பெண் எந்த ஊர் என்று நினைக்கிறீர்கள்? டாக்கா. வருடம் பூரா நாங்கள் ஆர்டருக்கு மல்லுக்கட்டுகிற அதே டாக்கா. அங்கேயிருந்து ஒரு பெண் வந்து கேரளத்துக்காரன் வீட்டு நனைந்த புத்தகத்தை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்திருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

அங்கே இன்னொருவர் இருந்தார், பாபி தாஸ். கல்கத்தாவில் ஆட்டோ ஓட்டியவர். அவருடைய படங்கள் எல்லாம் எம்பிராய்டரி! ஐயோ, அந்தத் தையலை நீங்கள் பார்க்க வேண்டுமே. எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் வரிசையாக ஓடுகிற சத்தத்தில் வளர்ந்தவன் நான், தையல் நெருக்கம் பார்த்தாலே எத்தனை ஆயிரம் ஸ்டிச் என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடுவேன், அப்படிப்பட்ட நான் மூக்கு கண்ணாடிச் சட்டத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தும் நூல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆட்டோவில் உட்கார்ந்து பார்க்கிற கல்கத்தாத் தெரு, கையால், ஊசியால்! காவலாளி ரெண்டு தடவை "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார், மூன்றாவது தடவை அவரும் என் பக்கத்தில் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். அதற்கப்புறம் பிரியா ரவீஷ் மெஹ்ராவின் துணிகள். கிழிசலை இழையோடு இழை சேர்த்து மூடுகிற ரஃபு வேலைக்காரர்களோடு பல வருடம் இருந்து அதையே தன் கலையாக்கியவர், அந்தப் பினாலே திறப்பதற்குள் காலமாகிவிட்டார். எங்கள் ஊரில் ஓட்டை விழுந்தால் அந்தத் துணி ரிஜெக்ட், கிலோ கணக்கில் வேஸ்ட் குடோனுக்குப் போய்விடும். அவர் அந்த ஓட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

வெளியே ஒரு கடையில் சேக்குட்டி பொம்மை வாங்கினேன், அதைச் சொல்லாமல் விட முடியாது. சேந்தமங்கலம் என்று நெசவுக் கிராமம், ஓணத்துக்கு நெய்து அடுக்கிய சேலை எல்லாம் வெள்ளச் சேற்றில் ஊறிப்போனது, எத்தனை துவைத்தும் கறை போகவில்லை. லட்சுமி மேனனும் கோபிநாத் பாறயிலும் அந்தத் துணியைக் கொளுத்த விடாமல் கிருமி நீக்கி, சின்னச் சின்னதாக வெட்டி, பொம்மை கட்டவைத்தார்கள். ஒரு சேலையில் முந்நூற்றறுபது பொம்மை, பொம்மை அப்போது 25 ரூபாய். கணக்குப் போடுங்க! ஆயிரத்துச் சொச்சத்துக்குப் போக வேண்டிய சேலை 9,000 ரூபாய் ஆகிறது. கட்டிங் டேபிளில் சென்டிமீட்டர் துணி மிச்சப்படுத்த உயிரை விடுகிற எங்கள் ஊர்க்காரன் யாராவது இந்தக் கணக்கைக் கேட்டால் எழுந்து நின்று கைதட்டுவான். நான் கடை வாசலிலேயே தட்டினேன். 'சேறு'தான் 'சேக்குட்டி'யில் இருக்கிற சே என்று கடைப்பெண் சொன்னாள்.

சாயங்காலம் அண்ணன் வந்து காரில் ஏற்றிக்கொண்டார். பாலம் தாண்டிப் போல்காட்டிக்குள் இறங்குகிறோம், மூன்று பக்கமும் காயல், விளக்கெல்லாம் தண்ணீரில் நீளநீளமாக விழுந்து ஆடுகிறது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, வேட்டியை இரண்டு தடவை சரிபண்ணிக்கொண்டேன். கையில் கேட்லாக் கொடுத்தார்கள். திருப்பினால் அனிஷ் கபூர்! சிகாகோவில் ஊரையே முகம் பார்க்கவைக்கிற அந்தப் பெரிய கண்ணாடிக் கொட்டையைச் செய்தவர், பம்பாயில் பிறந்தவர். திருப்பினால் சுபோத் குப்தா! டிஃபன் கேரியரும் எவர்சில்வர் குண்டாவும் அடுக்கிச் சிற்பம் செய்கிறவர், பிறந்தது பீகார் ககௌல். என் பட்டறையில் ஸ்க்ரீன் இழுக்கிற பையன்கள் பாதிப் பேர் பீகார், அவர்கள் மதியம் திறக்கிற தூக்குவாளிதானே அது, அது உலகம் சுற்றிவந்து இப்போது கேரளத்துக்குச் சோறு போடப் போகிறது என்று அண்ணன் காதில் கிசுகிசுத்தேன். திருப்பினால் தயானிதா சிங், புகைப்படங்களைப் புத்தகமாகவும் அருங்காட்சியகமாகவும் கட்டுகிறவர். நான் ஒவ்வொரு பெயருக்கும் அண்ணன் தொடையில் தட்டத் தட்ட அவர் சிரித்துக்கொண்டே காலைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

தொடங்குவதற்கு முன்னால் அவர் ஒன்று சொன்னார். அவருக்கு ஏலம் பழக்கம். "தம்பி, சும்மா ஒரு படத்தத் தூக்கிக் குடுக்கிறதுன்னு நினைக்காத. இங்க என்ன விலைக்குப் போகுதோ அது நாளைக்கு எல்லாத்துக்கும் தெரியும். விலை இறங்கிப் போச்சுன்னா அந்த ஆளோட அடுத்த படத்துக்கும் அதுதான் பேச்சு. தன் பேரையே பணயம் வெச்சுத்தான் குடுக்கறாங்க." இது எனக்குத் தெரியவே தெரியாது. சாதாரண ஏலத்தில் படத்தின் சொந்தக்காரருக்கும் ஏலக் கம்பெனிக்கும்தான் பணம், வரைந்தவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் போகாது, அதுவும் அவர் சொல்லித்தான் தெரியும். இங்கேயோ வரைந்தவரே சொந்தக்காரர், அவரே கொடுக்கிறார், அதுவும் விலை ஊருக்கே தெரிகிற மேடையில்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு எங்கள் அப்பிச்சி கையைப் பிடித்துக்கொண்டு போனவன் நான். அங்கே விலை பேசுவது துண்டுக்குள். ஒருத்தர் கையை ஒருத்தர் துண்டால் மூடி விரலைப் பிடித்து விலை சொல்வார்கள், சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, முகத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். கோயில் ஏலம் அதற்கு நேர் எதிர். பூசைக்கு வைத்த எலுமிச்சம்பழத்தை ஒரு தரம், ரெண்டு தரம் என்று கூவும்போது கடையில் அஞ்சு ரூபாய்க்குக் கிடைக்கிற பழத்துக்கு ஆயிரக்கணக்கில் ஏற்றுவார்கள், ஏற்றுகிறவர் முகத்தில் ஒரு ஒளி வரும் பாருங்க, வாங்குகிற முகம் இல்லை அது, கொடுக்கிற முகம். அந்த ஒளியை நான் போல்காட்டியில் பார்த்தேன். பட்டுச்சேலையும் கோட்டுமாக உட்கார்ந்திருந்தாலும் எங்கள் மாரியம்மன் கோயில் வாசல்தான் அது!

விளக்கு கொஞ்சம் மங்கியது, திரையில் முதல் படைப்பு வந்தது, ஏலம் விடுகிறவர் குரலை எடுத்தார், அவ்வளவுதான், அதற்கப்புறம் நான் என் வசம் இல்லை. அட்டை இடதுபக்கம், அட்டை பின்னால், போனில் ஒருத்தர், திரும்ப இடதுபக்கம், எண் ஏறுகிறது, லட்சம் என்கிற வார்த்தை படியேறுவதுபோல ஏறிக்கொண்டே போகிறது, எனக்கு மாதம் முழுக்க மேஜை ஓடினாலும் கண்ணில் காணாத தொகை ஒரு மூச்சில் தாண்டிப்போகிறது, ஆனால் ஒரு துளி பொறாமை வரணுமே, வரவில்லை, ஏறு ஏறு இன்னும் ஏறு என்று மனசு கூவுகிறது, ஜல்லிக்கட்டில் காளை திமிலைப் பிடித்தவனைப் பார்த்துக் கத்துவோமே அப்படி, ஒவ்வொரு அட்டைக்கும் என் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலிக்கிறது, அனிஷ் கபூர் பெயரை வாசித்தார்கள், கூடம் முழுக்க நாற்காலிகள் முனகின, எல்லாரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள், நானும், அப்போது நடந்ததைச் சொல்கிறேன், என் வலது கை தானாக மேலே போனது! கையில் அட்டைகூட இல்லை, பையில் திரும்பிப் போக ரயில் காசும் சேக்குட்டி பொம்மையும்தான், ஆனால் கை போனது, அந்த ஓட்டத்தில் நானும் ஒரு சொட்டாவது சேர வேண்டும் என்று உடம்பே நினைத்துவிட்டது. அண்ணன் டக்கென்று மணிக்கட்டைப் பிடித்து இறக்கினார். "தம்பி, தம்பி" என்றார், அவர் குரலும் நடுங்கியது. அவரே அதற்கு முன் ஒரு படத்துக்கு மூன்று தடவை அட்டையைத் தூக்கியிருந்தார், கைநழுவிப்போனது, போனதற்கு வருத்தப்படாமல் "நல்ல விலைக்குப் போயிருச்சுல்ல?" என்று என்னைப் பார்த்துச் சிரித்த மனுசன்.

சுத்தியல் விழுந்தது. கைதட்டல் எழுந்தது பாருங்க, ஆடி மழை தகரக் கூரையில் இறங்குவதுபோல! நான் எழுந்து நின்றே தட்டினேன்.

கடைசியில் கூட்டிச் சொன்ன தொகை மூன்று கோடிக்கு மேல்.

வெள்ளம் கொண்டுபோனதற்கு முன்னால் மூன்று கோடி என்ன பெரிசு என்று ஒருத்தர் பிற்பாடு என்னிடம் கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியில் அர்த்தம் தெரியவில்லை. 2008 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில் டேமியன் ஹர்ஸ்டும் பாடகர் போனோவும் ஓவியர்களைக் கூட்டி ஆப்பிரிக்க எய்ட்ஸ் சிகிச்சைக்காக நடத்திய ஏலத்தில் நாலு கோடி டாலருக்கும் மேல் வந்தது, அது பெரிசு, சந்தோஷம். ஆனால் அந்த இரவில் நான் கண்டது வேறு. எங்கள் ஊரைப் பாருங்க. நூல் எங்கள் வட்டாரத்தில் நூற்றது, துணி எங்கள் ஊரில் ஓடியது, சாயம் எங்கள் ஊரில் ஏறியது, பவர் டேபிளில் எங்கள் அக்காக்கள் தைத்தது, பிசிறு வெட்டியது எங்கள் பாட்டிகள், படம் நான் அடித்தது, ஆனால் கழுத்துப் பட்டியில் இருக்கிற பெயர் யாரோ ஒருவருடையது. அந்த லேபிளுக்குத்தான் விலை. முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருந்து எனக்குத் தெரிந்தது அந்த ஒன்று: பெயர்தான் பணம். அப்படிப்பட்ட பெயரை, வாழ்நாள் முழுக்கக் கிடந்து சம்பாதித்த பெயரைக் கழற்றி இந்தாங்க என்று வைத்துவிட்டுப் போகிறார்கள் என்றால்! படத்தைக் கொடுத்தார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். லேபிளைக் கொடுத்தார்கள் என்று எனக்கு மட்டும்தான் அங்கே தோன்றியிருக்கும், திருப்பூர்க்காரனுக்குத்தான் அது தோன்றும்.

திரும்பி வருகிறபோது காரில் கே.சி.எஸ். பணிக்கரைப் பற்றி அண்ணனிடம் பேசிக்கொண்டே வந்தேன். 1911-ல் நம்ம கோயம்புத்தூரில் பிறந்தவர். மலையாளி. சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர், 1966-ல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். இடம் வாங்கக் காசு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஓவியர்கள் உட்கார்ந்து பாத்திக் துணி அடித்து விற்றார்கள்! மெழுகு தடவிச் சாயத்தில் முக்கி, துணி, நம்ம துணி! ஓவியனுக்கு ஒரு காலத்தில் துணி கைகொடுத்தது, இப்போது ஓவியன் ஒரு நாட்டுக்கே கைகொடுக்கிறான் என்று நான் சொல்ல, அண்ணன் "அட ஆமாப்பா" என்று ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார். திருச்சூர் தாண்டும் வரை இதே பேச்சு. பாலக்காட்டில் டீக்குடிக்க நிறுத்தினபோதும் இதே பேச்சு, டீ ஆறிப்போனது.

குறை ஒன்று சொல்லணும் என்றால், ஒவ்வொரு படைப்பும் திரையில் நின்ற நேரம் எனக்குப் போதவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் நிறுத்தியிருக்கலாம். அவ்வளவுதான்.

பையன்கள் ஊரில் இருந்து திரும்பி, மேஜை மறுபடி ஓட ஆரம்பித்த அன்றைக்குக் கேட்லாக்கைப் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டேன். ஸ்க்ரீன் இழுக்கிற பையன்களிடம் சுபோத் குப்தா பக்கத்தைக் காட்டி "உங்க ஊர்க்காரர்" என்றதும் கையில் இருந்த சாயத்தைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு நாலு பேரும் ஓடிவந்தார்கள், ஒருத்தன் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி ரெண்டு தடவை படித்தான். எங்கள் செக்கிங் அக்கா கேட்லாக்கை ஒரு புரட்டுப் புரட்டி வைத்துவிட்டார். சேக்குட்டியைக் கையில் கொடுத்தேன். பழக்கதோஷம், முதலில் உள்பக்கம் திருப்பித் தையல் பார்த்தார். அப்புறம் டியூப்லைட் வெளிச்சத்துக்குக் கீழே தூக்கிப் பிடித்து, பாவாடை மடிப்புக்குள் மங்கலாகத் தெரிந்த பழுப்பு நிறத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"கறை இருக்குதுங்களே தம்பி?"

"அதுதானுங்க்கா வெள்ளம்."

அக்கா கையை எடுத்துவிட்டார். காலையில் இருந்து பாஸான பீஸ் எல்லாம் அடுக்கியிருந்த பக்கம் அதை மெதுவாகச் சாய்த்து உட்கார வைத்தார்.